ஊதா வயர் விஷயமாக மாப்பிள்ளைக்கு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் மனைவியும் சௌக்கியம்தான். வேளைக்குச் சாப்பிடுகிறாள், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், கேட்காததற்கு ஒன்றும் சொல்வதில்லை. கார் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே தாங்களும் சம்பந்தி இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம், இருப்பீர்கள் என்றும் நம்புகிறோம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். போன் பண்ணினால் நீங்கள் "நல்லா இருக்கேன் மாமா" என்கிறீர்கள், அடுத்த கேள்வி வருவதற்குள் "சிக்னல் போகுது மாமா" என்கிறீர்கள். அந்த சிக்னல் ஒவ்வொரு முறையும் உங்கள் மனைவி பெயரை எடுக்கும் இடத்திலேயே போகிறது. சரி, குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றால் என் போனை என்னைவிட உங்கள் அத்தைதான் அதிகமாகப் படிக்கிறாள். ஆகவே பேப்பர்தான் வழி என்று முடிவு செய்து, வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதினால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்பதால் வாசலில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து வளைந்திருந்தால் அதற்கு ஸ்டியரிங்தான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்ப்பா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதம் ஆகிறது, அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. என்னம்மா என்று கேட்டால் "அவரையே கேளுங்க" என்கிறாள். உங்களைக் கேட்டால் "அவளையே கேளுங்க மாமா" என்றீர்கள். நான் நடுவில் நின்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். உங்கள் அத்தையோ, "அது தானா சரியாயிடும், நீங்க கைய வெக்காம இருந்தாப் போதும்" என்கிறாள். குழாய் ஒழுகினாலும் இதையேதான் சொல்வாள், டிவி படம் ஆடினாலும் இதையேதான் சொல்வாள். கையை வைக்காமல் சும்மா இருக்க நான் என்ன பொம்மையா? பெற்ற மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதைத் தினமும் பார்க்கிறேன். மகள் வீட்டில் இருப்பது எந்தத் தகப்பனுக்கும் சந்தோஷம்தான், ஆனால் இப்படி இருப்பது சந்தோஷமில்லை, மாப்பிள்ளை.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். காரில் நல்ல பாட்டு ஓடினால் அவளுக்கு வாய் தானாகத் திறக்கும் என்பது எனக்குத் தெரியும். நம் காரில் இருக்கும் பழைய செட்டு பாடுவதை நிறுத்திப் பல காலம் ஆயிற்று, இப்போது மின்விசிறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கொடுக்கும். புதுசாக ஒன்று போட்டு, அவளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி, பாட்டின் நடுவில் பேச்சைக் கொடுத்து, உங்கள் இருவருக்கும் என்னதான் சண்டை என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதுதான் திட்டம், பாட்டு ஒரு சாக்கு.

முதலில் கார் ஆடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் காரை ஒரு சுற்று சுற்றி வந்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்து, ஒரு விலை சொன்னார். அது இந்தக் காரை விற்றால் வரும் பணத்தைவிட அதிகம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான். குறைக்க முடியாதா என்று கேட்டதற்கு, "சார், இந்த வெலைக்கு நான் செட்டு போட்டுத் தரேன், அதுக்கேத்த கார் ஒண்ணு நீங்க பாத்துக்குங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராகப் பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் இடத்துக்குப் போய், அங்கே கவிழ்ந்த கார் ஒன்றிலிருந்து எடுத்த செட்டையும், வேறொரு காரிலிருந்து எடுத்த ஸ்பீக்கர்களையும் வாங்கினேன். "கவுந்தது வண்டிதான் சார், செட்டுக்கு ஒண்ணுமே ஆகல, போலீஸ் வர்ற வரைக்கும் பாடிக்கிட்டே இருந்துச்சு" என்று அந்த ஆள் சத்தியம் செய்தார். அப்படிப்பட்ட மனத்திடம் உள்ள செட்டுதான் நம் வீட்டுக்கு இப்போது தேவை என்று எனக்கும் பட்டது.

மாட்டுவதற்கு ஆள் வைக்கவில்லை. நான் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தே காலம் தள்ளியவன் என்பது உங்களுக்குத் தெரியும். வயர் என்பது என்ன, தண்ணீர் வராத குழாய். ஒரு முனையில் விட்டால் மறு முனையில் வர வேண்டும், அவ்வளவுதானே. இப்படி நினைத்துக்கொண்டு நேற்றுக் காலை, உங்கள் அத்தை பழம் வெட்டும் கத்தியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், பழைய செட்டின் ஓரத்தில் நுழைத்து நெம்பினேன். செட்டு வரவில்லை, பக்கத்தில் ஏசி காற்று வரும் சின்ன ஜன்னல் கழன்று மடியில் விழுந்தது. மறுபடி நெம்பினேன், கத்தியின் முனை உள்ளே தங்கிவிட்டது. மூன்றாவது முறை செட்டு வந்தது, கூடவே அதன் சட்டமும் வந்தது, சட்டத்தோடு நான் வரும் என்று எதிர்பார்க்காத சில பிளாஸ்டிக் துண்டுகளும் வந்தன. அவை எங்கிருந்து வந்தவை என்று இதுவரை தெரியவில்லை, ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். புதுச் செட்டு அந்த ஓட்டையில் ஆடியது, என் ரப்பர் செருப்பு ஒன்றை வெட்டி நாலு பக்கமும் ஆப்பு வைத்தேன். இன்னொரு செருப்பு சும்மா இருக்கிறது.

வயரில் கை வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் பேட்டரியைக் கழற்றினால் காரின் கடிகாரம் நின்றுவிடும், அதை மறுபடி சரியாக வைக்க எனக்கு வராது, அதனால் கழற்றவில்லை. ஸ்டியரிங்கின் கீழே தலையும் சீட்டின் மேலே காலுமாகப் படுத்துக்கொண்டு இரண்டு வயரைப் பிரித்ததுதான் தாமதம், ஹாரன் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. நம் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறாரே, அவர் கையில் ஊசியோடு ஓடி வந்தார். அவர் பின்னால் கழுத்தில் துண்டு கட்டிய நோயாளி ஒருவரும் வந்தார். அந்த நோயாளி கார் மெக்கானிக்காம். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன், ஆனால் டாக்டர் சற்று முன்தான் அவர் வாயை மரத்துப் போகச் செய்திருக்கிறார். அவர் காரைக் காட்டி, "பேத்தி, பேத்தி" என்று கத்துகிறார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் அத்தை மாடியிலிருந்து, "எங்களுக்கு இன்னும் பேத்தி பொறக்கலீங்க" என்று பதில் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே திரும்பி மகளையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு, "பேத்திய கழத்துங்க" என்றார். கடைசியில் உங்கள் மனைவிதான், "அம்மா, பேட்டரிம்மா, பேட்டரிய கழட்டச் சொல்றாரு" என்று படி இறங்கி ஓடி வந்து, பானெட்டைத் திறந்து, ஸ்பேனரைப் பிடுங்கி, ஒரு திருப்பில் கழற்றினாள். தெரு அமைதியானது.

இரண்டு மாதத்தில் அவள் தானாக ஒரு காரியத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. கையில் கரியோடு நின்றுகொண்டு, "மிச்சத்த எப்படிப்பா பண்ணப் போறீங்க" என்று கேட்டாள். "பழைய செட்டு பாடாமப் போனப்ப மாப்பிள்ளை, புதுசு மாட்டறதுக்குன்னு ஒரு குரல் பதிவு அனுப்பினாரே, எந்த வயர் எங்க போகணும்னு, அது என் போன்ல இருக்கு" என்றேன். அவள் என் போனை எடுத்துக்கொண்டு பின் சீட்டில் போய் உட்கார்ந்து, ஒரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, அதை ஓட விட்டாள். "மாமா, பயப்படாதீங்க, ரொம்ப சுலபம், ஒண்ணொண்ணா சொல்றேன்" என்று உங்கள் குரல் வந்தது. மறுபடி ஓட விட்டாள். காதில் விழவில்லையோ என்று, "கேட்டுச்சும்மா" என்றேன். மறுபடியும் ஓட விட்டாள். நான் வெள்ளை வயரை முடித்து, சாம்பல் வயரை முடித்து, பச்சைக்குப் போன பிறகும் பின் சீட்டில் நீங்கள் "பயப்படாதீங்க" என்ற இடத்திலேயே இருந்தீர்கள். நான் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கின் கீழே படுத்திருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

இப்போது வருவதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் அந்தப் பதிவில், "ஊதாவ பின்னாடி வலது ஸ்பீக்கர்ல ஒரு முனைக்குக் குடுங்க, கறுப்புக் கோடு போட்ட ஊதாவ இன்னொரு முனைக்குக் குடுங்க, நீலத்த ஏரியலுக்குக் குடுங்க" என்று சொல்லியிருக்கிறீர்கள். நானும் அப்படியே செய்தேன். ஊதாவை எடுத்து ஸ்பீக்கரில் கொடுத்தேன். கறுப்புக் கோடு போட்ட ஊதா இல்லை, கறுப்புக் கோடு போட்ட கத்திரிப்பூ நிறம்தான் மிச்சம் இருந்தது, கோடு சரியாக இருந்தால் போதும் என்று அதைக் கொடுத்தேன். நீலத்தைத் தேடினால் நீலமும் இல்லை. கோடு போடாத கத்திரிப்பூ வயர் ஒன்று இருந்தது, அதுவும் இருட்டில் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிந்தது, இதைத்தான் மாப்பிள்ளை நீலம் என்கிறார் போலிருக்கிறது என்று ஏரியலுக்குக் கொடுத்துவிட்டேன். பேட்டரியை மாட்டி ரேடியோவைத் திருகினோம். ஒருவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். குரல் நன்றாகத்தான் வந்தது, ஆனால் அவர் வாயைத் திறந்தால் வெளியே மோட்டாரில் ஏறி இறங்கும் ஏரியல் கம்பி மேலே போனது, அவர் மூச்சு வாங்கினால் கீழே இறங்கியது. ஒரு காக்கை அதில் உட்கார வந்து, இரண்டு முறை முயன்று பார்த்து, சீ என்று போய்விட்டது. விலைவாசியைப் பற்றி வாசிக்கும்போது ஏரியல் இறங்கவே இல்லை. நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டு நிற்க, உங்கள் அத்தை மேலிருந்து, "என்னங்க, பின்னாடி சீட்டுல புகையுதுங்க" என்றாள். வலது ஸ்பீக்கர் வெந்துகொண்டிருந்தது.

அணைத்துவிட்டு இறங்கினோம். "ஊதாவ எங்கப்பா குடுத்தீங்க?" என்றாள் மகள். "ஸ்பீக்கருக்குத்தான் குடுத்தேன்." "அப்படித்தானே அவரும் சொன்னாரு" என்றாள். அந்த நேரத்தில் டாக்டர், பல் பார்க்கும் அந்தச் சின்னக் கண்ணாடியையும் விளக்கையும் கொண்டுவந்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்து, "சார், ஊதாவ ஏரியலுக்கில்ல குடுத்திருக்கீங்க" என்றார். "டாக்டர், அது கத்திரிப்பூ கலர்." "அதான் சார் ஊதா." இதைக் கேட்டு உங்கள் அத்தையே இறங்கி வந்துவிட்டாள். தான் கட்டியிருந்த புடவையைப் பிடித்துக் காட்டி, "ஊதான்னா இது. எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இதுதான் ஊதா" என்றாள். "அது நீலம்மா" என்றார் டாக்டர். "நீலம்னா வெள்ளைத் துணிக்கு அலசும்போது போடறது. அது எப்படிங்க ஒரு கலராகும்?" டாக்டர் விடுகிற ஆள் இல்லை, கிளினிக்கில் காத்திருந்தவர்களையெல்லாம் வெளியே கூட்டிவந்து புடவையையும் வயரையும் காட்டி ஒவ்வொருவரையும் கேட்டார். பாதிப் பேர் எங்கள் கட்சி, பாதிப் பேர் உங்கள் கட்சி. மெக்கானிக்கும் ஏதோ சொன்னார், அவர் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. பல் வலியோடு வந்தவர்கள் நிறத்துக்காக அடித்துக்கொள்வதை நான் நேற்றுதான் பார்த்தேன்.

இந்தக் கூச்சலில் உங்கள் மனைவி மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அந்தக் கத்திரிப்பூ வயரின் நுனியைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, "அம்மா, அப்ப அவங்க வீட்டுல ஊதான்னா இதுவா?" என்று கேட்டாள். "எங்களுக்கு எப்படித் தெரியும், நீதானே அந்த வீட்டுல இருந்தவ" என்றாள் உங்கள் அத்தை. அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவள் சின்ன அறைக்கு ஊதா அடிக்கலாம் என்று ஆசைப்பட்டுச் சொன்னாளாம். நீங்கள் அவளுக்குத் தெரியாமல் லீவு போட்டு, ஆள் வைக்காமல், நீங்களே அடித்து வைத்துக் கதவைத் திறந்து காட்டினீர்களாம். அவள் பார்த்தால் நாலு சுவரும் கத்திரிப்பூ. "நான் கேட்டதா இது?" என்றாளாம். "நீ கேட்டதுதான் இது" என்றீர்களாம். "நான் என்ன கேட்டேன்னே உங்களுக்குத் தெரியாது, என் பேச்ச என்னிக்குக் காதுல போட்டிருக்கீங்க" என்று அவளும், "ரெண்டு நாள் கழுத்து ஒடிய அடிச்சதுக்கு நல்ல மரியாதை" என்று நீங்களும் பேசி, பேச்சு சுவரை விட்டுவிட்டு வேறு எங்கெங்கோ போய்விட்டதாம். சுவரைப் பற்றி எங்களிடம் சொல்லவே அவளுக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. "ஒரு பெயின்டுக்காக வந்துட்டேன்னு எப்படிப்பா சொல்றது" என்றாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை, அவள் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அவள் எங்கள் வீட்டு ஊதாவைக் கேட்டாள், நீங்கள் உங்கள் வீட்டு ஊதாவைக் கொடுத்தீர்கள். தவறு யார் பேரிலாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் உங்கள் அத்தை பேரில் எழுதிக்கொள்ளுங்கள், மகளுக்கு நிறம் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கடிதம் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். செட்டைப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் ஏரியல் அடங்கிவிடும், வேறு ஸ்பீக்கர் போட்டால் போதும் என்றார் டாக்டர். நான் வேண்டுமென்றே தொடாமல் விட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் வர ஒரு காரணம் வேண்டாமா? வருவதற்கு முன் அந்த அறையில் நீல பெயின்ட் அடித்துவிடுங்கள். நீலம் என்றால் உங்கள் நீலம். அவள் தானாக வருவாள் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அவளுக்குப் பிடிவாதம் அதிகம். அது அவள் அம்மா வழி. நேற்று உண்மை தெரிந்த பிறகும் உங்களுக்கு ஒரு போன் போடவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பல தடவை வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போகிறாள். "இன்னும் எவ்ளோ நேரம்ப்பா" என்று வேறு கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு கோபம். இந்த நிலையில் இருப்பவள் இறங்கி வருவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பெரிய மனது பண்ணி நீங்கள்தான் வர வேண்டும். வயதில் மூத்தவன் கேட்கிறேன்.

சம்பந்தி அவர்களுக்கு என் வணக்கத்தையும், சம்பந்தியம்மாவுக்கு உங்கள் அத்தையின் விசாரிப்பையும் சொல்லவும். குடும்பத்தில் எல்லாரும் நோய் நொடியில்லாமல், சிக்னல் போகாமல், நீண்ட நாள் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உங்கள் மாமனார்.

பின் குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். எழுதி முடித்து, உறையில் போட்டு ஒட்டி, சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். சாயங்காலம் தபாலில் போடலாம் என்று இறங்கினால் வாசலில் கார் இல்லை. உங்கள் அத்தையைக் கேட்டால், "அவ வீட்டுக்குப் போய்ட்டா" என்கிறாள். "இதுதானே அவ வீடு" என்றேன். "அவ வீட்டுக்கு" என்றாள். காலையிலேயே பெட்டி கட்டி விட்டாளாம். "நீங்க காருக்குள்ள உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தீங்க. அப்பா எப்ப எறங்குவாரு, எப்ப எறங்குவாருன்னு பாவம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து அவளுக்குக் கால் வலியே வந்துடுச்சு" என்றாள். நேரே கேட்டால் நானும் கூட வருகிறேன் என்று ஏறிக்கொள்வேனாம், அதனால் கேட்கவில்லையாம். வயர்களை நேற்று ராத்திரி நான் தூங்கிய பிறகு அவளே இறங்கி வந்து மாற்றிக் கொடுத்துவிட்டாளாம்.

ஆகையால் நீங்கள் புறப்பட வேண்டாம், இருக்கிற இடத்திலேயே இருங்கள். பெயின்டும் அடிக்க வேண்டாம். "அவர் கைபட அடிச்ச சுவரும்மா, அது அப்படியே இருக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால் என் பேரைச் சொல்ல வேண்டாம். இதைத் தபாலில் போடாமலே விட்டுவிடலாம், ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. உங்களுக்கு முன்னால் அவளே இதைப் பிரித்துப் படிப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அம்மாடி, பிடிவாதம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. வண்டியைத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் அவசரமில்லை, எங்கே போவதானாலும் நான் நடந்து போய்க்கொள்கிறேன். எப்போது கொண்டுவந்தாலும் ரெண்டு பேருமாக வாருங்கள்.